ஒன்பது பன்னிரண்டுக்குப் பிடுங்கிய பல்

காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அவருடைய பல் பிடுங்கப்பட்டது. மருத்துவமனையின் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. பச்சை எழுத்து, பக்கத்தில் ஒரு டிக். அந்த நேரத்தில் பல் அவர் வாயில் இருந்தது.

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தப் பேருந்து எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று இருபத்தாறு வருடமாக ஒலிபெருக்கியில் சொல்லி வருகிறார். ஐம்பத்திரண்டு வயதிலும் முப்பத்திரண்டு பல்லும் இருந்தன. அதில் ஒன்று, இடது பக்கம் கீழே கடைசிக்கு முந்தியது, போன வாரம் கெட்டுப்போய் கன்னத்தை வீங்க வைத்தது. வெள்ளிக்கிழமை மாலை அவர் சொன்ன அறிவிப்பு யாருக்கும் புரியவில்லை. ஏழாம் எண் பேருந்து ஆளில்லாமல் புறப்பட்டது. நாற்பது பேர் பெட்டிகளோடு நின்று அது போவதை வேடிக்கை பார்த்தார்கள்.

நிலைய அதிகாரி ஏற்கெனவே ஓர் இயந்திரம் வாங்கி வைத்திருந்தார். பொத்தானை அமுக்கினால் பதிவு செய்த குரலில் அதுவே அறிவிப்புச் சொல்லும். "திங்கக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உங்க சீட்ல உக்காந்து தெளிவா ஒரு அறிவிப்பு சொல்லுங்க. இல்லன்னா இதை அமுக்கிடுவேன். அமுக்கினா அப்புறம் நிறுத்துற வசதி இதுல இல்ல" என்றார்.

இன்று திங்கள்கிழமை.

எட்டே முக்காலுக்கு அறிவிப்பாளரும் மனைவியும் பல் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவரால் நாலு சொல் சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. பேசுவதற்காக மனைவி வந்திருந்தாள். அவள் தையல்காரி. பாதி வெட்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு வந்ததில் அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது.

வரவேற்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. முடிந்த பணிகள் 99.4 சதவீதம். முடிந்தபின் மறுபடி திறக்கப்பட்ட பணிகள் 0. இன்று 213ஆம் நாள்.

"இவருக்குப் பல் வலி" என்றாள் மனைவி.

"முதல்ல சார் போன்ல லிஸ்ட்டை ஏத்திக்கணும் மேடம். இங்க நோயாளிக்கும் வேலை உண்டு."

"நாலு நாளா ராத்திரி பகல் பாக்காம வலியிலேயே வேலை செஞ்சிட்டுதான் இருக்காரு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கைபேசியை வாங்கி எதையோ தட்டித் திருப்பிக் கொடுத்தாள். நோயாளிக்கு ஒன்பது பணிகள் இருந்தன. முதல் பணி: கதவைத் தள்ளி உள்ளே வரவும். அது சிவப்பாக இருந்தது.

"இது ஏன் சிவப்பா இருக்கு? நாங்க உள்ளதானே நிக்கிறோம்?"

"லிஸ்ட் ஏத்துறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. சார் மட்டும் ஒரு தடவை வெளிய போயிட்டு வந்தா பச்சை ஆயிடும்."

அறிவிப்பாளர் வெளியே போனார். கதவைத் தள்ளி உள்ளே வந்தார். பச்சை ஆனது. மனைவி போகவில்லை. அவளுக்குப் பட்டியல் இல்லை.

இரண்டாவது பணி: அமர்ந்து காத்திருக்கவும், பதினைந்து நிமிடம். மருத்துவர் அறையின் கதவு திறந்திருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. மருத்துவர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களும் அவரைப் பார்த்தார்கள். பதினைந்து நிமிடம் அப்படிப் போயிற்று.

மருத்துவருக்கு முப்பது வருட அனுபவம். விளக்கை இழுத்து ஒரு தடவை பார்த்ததும், "இதை எடுத்துடலாம். சின்ன வேலை. நாலு மணிக்கு நல்லாவே பேசலாம்" என்றார். பிறகு பக்கத்தில் ஒரு கம்பியில் நீட்டிக்கொண்டிருந்த திரையின் பக்கம் திரும்பி, மேலிருந்து கீழாக வரிசையாகத் தட்டினார். நோயாளியைப் பார்த்துப் புன்னகைத்தல். ஊசி மருந்தை முழுவதும் செலுத்துதல். பல்லைப் பிடுங்குதல். பஞ்சு வைத்தல். ஆறுதல் சொல்லுதல். ஐந்தும் பச்சை ஆயின. மணி ஒன்பது பன்னிரண்டு.

"இன்னும் ஒண்ணும் பண்ணலையே டாக்டர்" என்றாள் மனைவி.

"கையுறை போட்டுட்டா இந்த ஸ்க்ரீன் விரலை ஏத்துக்காதும்மா. பல்லை எடுத்துட்டு ரத்தக் கையோட டிக் பண்ணவும் முடியாது. அதனால முதல்ல டிக், அப்புறம் வேலை. இங்க எல்லாருமே அப்படித்தான்."

ஆரம்பத்தில் அவர் மூக்கு நுனியால் தட்டிப் பார்த்திருக்கிறார். முகக்கவசம் போட்ட மூக்கைத் திரை ஏற்கவில்லை. கவசத்தை இறக்கினால் ‘கவசம் அணிதல்’ சிவப்பானது.

மருத்துவர் கையுறை போட்டுக்கொண்டார். புன்னகைக்கவில்லை. அது முடிந்துவிட்டது. ஊசியில் பாதியைப் போட்டார். மீதியைப் பிடுங்குவதற்குச் சற்று முன்னால் போடுவதாகச் சொல்லி மூடி, தட்டில் வைத்தார். "மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும். அப்படியே சாஞ்சிருங்க."

அன்று காலைதான் பட்டியலுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. அதுவரை, அடுத்த நோயாளியை வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவாள். இன்றிலிருந்து பட்டியலே கூப்பிடும். எட்டிப் பார்க்கும் வசதி அதற்கு இல்லை. எல்லாப் பணியும் பச்சையாக இருந்ததால் நாற்காலி காலி என்று அது முடிவு செய்தது. நான்காவது நிமிடத்தில் ஒரு சின்ன இசை வந்தது. கருவிகள் இருந்த தட்டு மெதுவாக மூடத் தொடங்கியது. மருத்துவர் எட்டி ஊசியை மட்டும் எடுத்துவிட்டார். நாற்காலி தானாக நிமிர்ந்து அறிவிப்பாளரை உட்கார வைத்தது. அவருடைய கைபேசியில் ஒரு செய்தி வந்தது. நன்றி, உங்கள் பல் பிடுங்கப்பட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு கண்ணாடி போட்ட ஒருவர் கைபேசியைப் பார்த்தபடியே வந்தார். நாற்காலியில் ஆள் இருப்பதைக் கண்டு தயங்கினார்.

"எனக்கு உக்கார அறுபது செகண்ட்தான் சார் இருக்கு. சிவப்பு ஆயிட்டா வரிசையில பின்னாடி தள்ளிடுவாங்க. போன வாரம் ரெண்டு தடவை தள்ளிட்டாங்க. கொஞ்சம் நகர்ந்து உக்காருறீங்களா?"

அறிவிப்பாளர் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் சுபாவம் அப்படி. கொஞ்ச நேரம் இருவரும் ஒரே நாற்காலியில், ஒரே விளக்கின் கீழே இருந்தார்கள்.

"தட்டைத் திறங்க டாக்டர். இவருதை முடிச்சிட்டு அவருதைப் பாருங்க" என்றாள் மனைவி.

"நான் சொன்னா திறக்காதும்மா. யாரு பேர்ல என்ன வேலை இருக்கோ அதுக்கான சாமான்தான் வரும். இப்ப புதுசா வந்தவர் பேர்ல பல்லு சுத்தம் பண்றது இருக்கு. அதுக்கு பிரஷ் வரும். குறடு வராது."

"உங்க குறட்டை உங்ககிட்டயே தராதா?"

மருத்துவர் மூடிய தட்டைப் பார்த்தார். "போன வருஷம் வரைக்கும் மேசை டிராயர்ல வச்சிருந்தேன்" என்றார்.

வரவேற்பு மேசைக்குத் திரும்பி வந்தபோது அந்தப் பெண் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். மூடியில் அவருடைய எண் ஒட்டியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"பிடுங்கின பல்லை நோயாளிகிட்ட ஒப்படைக்கணும். வாங்கிக்கிட்டேன்னு இங்க ஒரு கையெழுத்து சார்."

"பல்லைப் பிடுங்கவே இல்லம்மா" என்றாள் மனைவி.

"அப்ப பல்லு எங்க இருக்கு?"

"இவரு வாயிலதான்."

"அப்ப சார்கிட்டதானே இருக்கு?"

"இவருகிட்டதான் இருக்கு."

"அப்ப வந்து சேர்ந்துடுச்சு மேடம்."

அறிவிப்பாளர் கையெழுத்துப் போட்டார். மனைவி அவரை முறைத்தாள். அந்தப் பெண் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வா, வேற ஆஸ்பத்திரி" என்பதுபோல வாசலைக் காட்டினார். வரவேற்புப் பெண்ணே பதில் சொன்னாள். ஊரில் பல்லுக்கு இன்னும் மூன்று மருத்துவமனைகள் உண்டு. மூன்றிலும் இதே பட்டியல்தான். ஒன்றில் முடிந்த பல்லை இன்னொன்று தொடாது.

"யாருகிட்டம்மா பேசணும்?"

"மேலாளர் சார்கிட்ட. பேசிட்டீங்கன்னு இப்பவே போட்டுடறேன்."

மேலாளர் அறையில் மேசை மேல் காகிதம் ஒன்றுகூட இல்லை. ஒரு கண்ணாடிப் பலகை மட்டும் இருந்தது. இவர்கள் நாற்காலியை இழுக்கும்போதே அவர் அதில் மூன்று இடத்தில் தட்டினார். குறையைக் கேட்டல். வருத்தம் தெரிவித்தல். குறையைத் தீர்த்தல்.

"உங்க கையில கையுறை இல்லையே" என்றாள் மனைவி. "நீங்க ஏன் முன்னாடியே தட்டுறீங்க?"

"பழகிடுச்சு. சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். வெள்ளிக்கிழமை, ஏழாம் எண் பேருந்து, இயந்திரம், நாலு மணி, ஊசி, தட்டு, டப்பா. மேலாளர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"முன்னாடி இங்க எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதும்மா. டாக்டர் வருவார். வாயைப் பார்ப்பார். வலிக்கிற பல்லை எடுப்பார். அவ்வளவுதான். எடுத்தாரா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? நோயாளிக்கு மட்டும்தான் தெரியும். நோயாளியோட வாயை நம்பி ஒரு நிறுவனத்தை நடத்த முடியுமா? இப்ப எல்லாமே தெரியுது. எத்தனை பல்லு, எத்தனை பஞ்சு, எத்தனை ஆறுதல். போன மாசம் மட்டும் நாலாயிரத்து எழுநூறு புன்னகை. அதுக்கு முன்னாடி முப்பது வருஷத்துல ஒண்ணுகூடக் கிடையாது."

"எங்களைப் பாத்து யாரும் சிரிக்கலையே."

"பதிவாயிருக்கு. வேணும்னா நேரம் சொல்றேன். ஒன்பது பன்னிரண்டு."

"சரி, அந்தப் பல்லு மட்டும் முடியலைன்னு மாத்திடுங்க. மாத்துற வழி இல்லையா?"

"இருக்கு. பட்டன் இருக்கு. இதோ." அவர் பலகையைத் திருப்பிக் காட்டினார். மூலையில் ஒரு சாம்பல் நிறப் பொத்தான் இருந்தது. "இருநூத்துப் பதிமூணு நாளா யாரும் இதை அமுக்கல. அதுக்காக வர்ற வெள்ளிக்கிழமை எங்களுக்கு விருது தர்றாங்க. இந்த ஊர்ல எந்த ஆஸ்பத்திரியும் இவ்வளவு நாள் தப்பே பண்ணாம இருந்ததில்ல."

"இன்னைக்குப் பண்ணிட்டீங்களே."

"அமுக்கினாதானே?"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேலாளர் கை காட்டினார்.

"யோசிச்சுப் பாருங்கம்மா. லிஸ்ட்ல இருக்கிறதும் வாயில இருக்கிறதும் ஒத்துப்போகலைன்னா எதைத் திருத்தணும்? லிஸ்ட்டைத் திருத்தினா அதுக்குப் பேரு மோசடி. வாயைத் திருத்தினா அதுக்குப் பேரு சிகிச்சை. இது பல் ஆஸ்பத்திரி. வாயைத் திருத்துறதுதான் எங்க தொழில்."

"அந்த வாயைத்தான் திருத்தச் சொல்றேன்."

"திருத்தியாச்சே."

மேலாளர் இரக்கமில்லாதவர் அல்ல. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சாருக்கு இன்னும் முப்பத்தொரு பல்லு இருக்கு. எதை வேணும்னாலும் சொல்லுங்க, இப்பவே எடுக்கச் சொல்றேன். வரிசையில நிக்கவே வேணாம்."

"வேற எதுவும் வலிக்கலையே."

"எடுத்தா வலிக்கும்மா."

அறிவிப்பாளர் நாக்கால் மற்றப் பற்களை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு வேண்டாமென்று தலையசைத்தார்.

"அப்ப இவரு இப்ப வலிக்குதுங்கிறாரே, அது என்ன?"

"இல்லாத பல்லு வலிக்கிறது சகஜம். நிறைய பேருக்கு வரும். அதுக்குத் தனியா வேலை இருக்கு." அவர் தட்டினார். ‘காலியான இடத்தில் வலி: பஞ்சைக் கடித்துக்கொண்டு முப்பது நிமிடம்.’

வரவேற்புப் பெண் பஞ்சு கொண்டுவந்தாள். காலியான இடத்தில் வைக்க வேண்டும். அங்கே பல் இருந்ததால் பஞ்சு நிற்கவில்லை. பல்லின் மேல் வைத்துக் கடித்தார். வலி மண்டைக்கு ஏறியது. முப்பது நிமிடம் கழித்து அவள் வந்து பஞ்சைப் பார்த்தாள்.

"ரத்தமே இல்ல. ரொம்ப சீக்கிரம் ஆறியிருக்கு சார்" என்று குறித்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்குள் மரப்பு முழுவதும் விட்டுப்போனது. அறிவிப்பாளர் கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியபடி சுவர்த் திரையின் கீழே உட்கார்ந்திருந்தார். எதிரே கண்ணாடிக்காரர் சுத்தம் செய்த பல்லோடு வெளியே வந்தார். அவருக்கு ஒரு டப்பா கொடுத்தார்கள். உள்ளே என்ன என்று அவர் கேட்கவில்லை.

"ஏங்க" என்றாள் மனைவி. "இருபத்தாறு வருஷமா எத்தனை பேரை எத்தனை பஸ்ல ஏத்தி அனுப்பியிருக்கீங்க. பஸ் கிளம்பறதுக்கு முன்னாடி கிளம்பிடுச்சுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"சொல்லியிருந்தா இப்ப நீங்கதான் நிலைய அதிகாரி."

பன்னிரண்டு மணிக்குக் கைபேசியில் மறுபடி அந்த இசை வந்தது. பட்டியலின் வழக்கப்படி, பிடுங்கிய பல்லுக்குப் பிறகு செயற்கைப் பல் வரும். யாரும் கேட்க வேண்டியதில்லை. ‘வாழ்த்துகள். காலியான இடத்துக்கு அளவெடுக்க மருத்துவரிடம் செல்லவும்.’

மருத்துவர் ஒரு இரும்புத் தட்டில் இளஞ்சிவப்பு நிறப் பசையைக் குழைத்து அவர் கீழ்த்தாடையில் அழுத்தி எடுத்தார். பசையில் பதினாறு குழிகள் விழுந்தன. பதினைந்து இருந்திருக்க வேண்டும். அதைத் திரையின் கண் முன்னால் காட்டினார். திரை நெடுநேரம் யோசித்தது. பிறகு ஒரு புதிய பணியைத் தானே எழுதியது. ‘இடம் தயாராக இல்லை. இடத்தில் உள்ள தடையை அகற்றவும்.’

மருத்துவர் அதை இரண்டு தடவை படித்தார். அன்று முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. அது எங்கும் பதிவாகவில்லை.

"என்ன டாக்டர்?" என்றாள் மனைவி.

"பல்லை எடுக்க முடியாது. தடையை எடுக்கலாம்."

தடை என்ன வகை என்று திரை கேட்டது. உணவுத் துண்டு, மீன் முள், முறிந்த குச்சி, பிற.

"பிறன்னு போடுங்க" என்றாள்.

"பிறன்னா மேலாளர் ஒப்புதல் வேணும். மூணு நாள் ஆகும். உணவுத் துண்டுக்குத் தண்ணி பீச்சச் சொல்லும். குச்சிக்கு ஊசிமுனைதான் வரும். மீன் முள்ளுக்குத்தான் குறடு." அவர் மீன் முள்ளைத் தட்டினார். சிறியதா, நடுத்தரமா, பெரியதா என்று கேட்டது. பெரியது என்றார்.

"இவரு மீனே சாப்பிட மாட்டாரு."

"சாப்பிடச் சொல்லலம்மா."

பெரிய மீன் முள்ளுக்கு அன்று கிடைத்த நேரம் மூன்று பத்து. அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் மருத்துவமனை முழுவதும் ‘மதிய உணவு உண்ணுதல்’ பச்சையாக இருந்தது. யாரும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. எல்லோரும் பிற்பகலுக்கான டிக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து நிலையத்துக்கு நடந்தால் இருபது நிமிடம்.

மூன்று பத்துக்கு நாற்காலி சாய்ந்தது. தட்டு திறந்தது. உள்ளே குறடு இருந்தது. மருத்துவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு, பழக்கத்தில் திரையின் பக்கம் விரலை நீட்டினார்.

மனைவி கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி அவர் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள்.

"டாக்டர், நான் துணியை வெட்டிட்டுத்தான் வெட்டியாச்சுன்னு சொல்வேன். முதல்ல முள்ளை எடுங்க."

"எடுத்துட்டு ரத்தக் கையோட யாரும்மா டிக் பண்றது?"

"நான் பண்றேன். என் கை சும்மாதானே இருக்கு."

மருத்துவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு கதவுக்கு வெளியே, ஒரே அறையில் உட்கார்ந்திருந்த ஏழு ஊழியர்களின் பதினான்கு கைகளைப் பார்த்தார்.

"அது எங்க யாருக்கும் தோணல" என்றார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. மீன் முள்ளுக்கு ஊசி கிடையாது. காலையில் மீந்த பாதி ஊசி மருத்துவரின் மேசையில் இருந்தது. பட்டியலின்படி அது ஒன்பது பன்னிரண்டுக்கே முழுவதும் செலுத்தப்பட்டுவிட்டது. ஆகவே இல்லாத மருந்து இல்லாத பல்லுக்குப் போடப்பட்டது. மரத்துப்போனது.

மூன்று இருபத்தொன்பதுக்குப் பல் வந்தது. இரண்டு வேர்கள், நுனியில் கொஞ்சம் சீழ். மருத்துவர் அதை விளக்கில் தூக்கிப் பார்த்தார். தட்டில் விழுந்தபோது ‘டிங்’ என்று சத்தம் கேட்டது. அறிவிப்பாளரின் கண்ணில் தண்ணீர் வந்தது. மனைவி திரையில் விரலை வைத்தாள். மீன் முள் அகற்றப்பட்டது.

"அதை இந்த டப்பாவுல போட்டுக் குடுங்க" என்றாள்.

"தர முடியாதும்மா. சார் காலையிலேயே பல்லை வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போட்டிருக்கார். இது முள்ளு. சரிபார்க்கிறதுக்கு வெளிய அந்தப் பொண்ணுகிட்ட போகணும்."

"சரி, முள்ளை நீங்களே வச்சுக்குங்க."

வெளியே வரவேற்புப் பெண் ஏதோ சொல்ல எழுந்தாள். இவர்கள் நிற்கவில்லை. கதவைத் தள்ளி வெளியே போவது அவருடைய ஒன்பதாவது பணி. அதை அவர் பார்க்காமலே செய்தார்.

நிலைய அதிகாரி அறிவிப்பு அறையில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, பொத்தானின் மேல் விரலை வைத்தபடி இருந்தார். விரல் எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறதோ, நகம் வெளுத்திருந்தது.

"இன்னும் ஆறு நிமிஷம்" என்றார். "வாயில என்ன பஞ்சா? பஞ்சோட பேசினா செல்லாது."

அறிவிப்பாளர் பஞ்சை எடுத்துக் காலி டப்பாவில் போட்டு மூடினார். தன் இடத்தில் உட்கார்ந்தார். இடது பக்க உதடும் பாதி நாக்கும் இன்னும் அவருடையதாக இல்லை. ஒலிபெருக்கியைப் போடாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மனைவி கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஐந்தாம் மேடைங்கிறது கொழகொழன்னு இருக்கு. கன்னத்தைக் கையால தூக்கிப் பிடிச்சிக்கிட்டுச் சொல்லுங்க."

தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இப்பப் பரவாயில்ல. அவசரப்படாதீங்க. பஸ் உங்களை விட்டுட்டுப் போகாது."

நான்கு அடித்தது. அறிவிப்பாளர் ஒலிபெருக்கியின் குமிழைத் திருகினார். ஒலிபெருக்கிகள் எல்லா மேடைகளிலும் ஒரு தடவை கரகரத்தன.

"பயணிகள் கவனத்துக்கு. ஏழாம் எண் பேருந்து. ஐந்தாம் மேடையிலிருந்து. நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் புறப்படும்."

கண்ணாடிக்கு வெளியே யாரும் அசையவில்லை. மூன்றாம் மேடையில் முப்பது பேர் போல நின்றிருந்தார்கள். அதிகாரியின் விரல் கொஞ்சம் வளைந்தது. மனைவி அந்த விரலையே பார்த்தாள். அறிவிப்பாளர் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

மூன்றாம் மேடையில் ஒரு பெண் பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். ஐந்தாம் மேடையைப் பார்த்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் போனார்கள். பிறகு ஒரு குடும்பம். பிறகு எல்லோரும்.

அதிகாரி விரலை எடுத்து உதறிக்கொண்டார். இயந்திரத்தின் மேல் அதன் உறையைத் திருப்பிப் போட்டார். "நல்ல சாமான்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அறிவிப்பாளரின் கைபேசி அடித்தது. அவர் நாலு பத்துப் பேருந்துக்கான இரண்டாவது அறிவிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மனைவி எடுத்தாள். மருத்துவமனையின் வரவேற்புப் பெண்.

"மேடம், சாரோட மீன் முள்ளைச் சரிபார்த்தேன். அது முள்ளு இல்ல, பல்லு. தப்பா எழுதக் கூடாதுல்ல, அதனால பல்லுன்னே போட்டுட்டேன். காலையில ஒண்ணு, இப்ப ஒண்ணு, ஆக ரெண்டு எடுத்தாச்சு. அப்ப சார் வாயில முப்பதுதான் இருக்கணும். ஆனா முப்பத்தொண்ணு இருக்கும்னு டாக்டர் சொல்றார். வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணணும்னு மேலாளர் சார் சொல்லிட்டார். நாளைக்குக் காலையில ஒன்பது பன்னிரண்டு காலியா இருக்கு மேடம், எந்தப் பல்லுன்னு மட்டும் சொன்னீங்கன்னா இப்பவே டிக் பண்ணிடட்டுமா?"